இலையில்லாத குவளை எங்கே?

“வெள்ளியை நுண்துகளாக்கும் வித்தையை வெள்ளைக்காரன் நேற்றுத்தான் கற்றான். நம் முன்னோரோ, ஆயிரமாயிரம் ஆண்டுகட்கு முன்பே அதனைத் துளசி மாடத்தில் வைத்துத் தொழுதனர்!”

முழங்கினார் சிறப்பு விருந்தினர். கைதட்டினர் பெற்றோர். பள்ளிக்கூடத்து அறிவியல் கண்காட்சி அது. மேசையின்மீது கண்ணாடிக் குவளை ஒன்று, அதனுள் பழுப்பு நிற நீர், அருகே குங்குமமிட்ட துளசித் தொட்டி, மேலே அட்டையில் கொட்டை எழுத்து: “துளசி அன்னையின் நானோ அற்புதம் — சித்தர்கள் அன்றே கண்டது!” அட்டைக்குக் கீழே, யாரோ எழுதிக் கொடுத்ததை மனப்பாடம் செய்த களைப்போடு, ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன் நின்றுகொண்டிருந்தான்.

நான் கலைப் பட்டம் பெற்றவன், வரலாறு படிப்பிப்பவன். குவளைக்குள் நடப்பது என் பாடமன்று. எனினும் ஓர் ஐயம் எழுந்தது. கேட்டேன்.

“தம்பி, இலை சேர்க்காத குவளை எங்கே?”

மாணவன் விழித்தான். விருந்தினர் சிரித்தார். “அது எதற்கு, சார்?” என்றார்.

அது எதற்கு என்பதைத்தான், தோழர்களே, எழுத வந்தேன்.

முதலில் அந்தக் குவளைக்கு உரிய மதிப்பைக் கொடுத்துவிடுவோம். அதனுள் நடந்தது பொய்யன்று. இலைச்சாறு வெள்ளியை நுண்துகளாக்கும் என்பது மெய். ஆய்வுக்கூடங்களில் பன்முறை மெய்ப்பிக்கப்பட்ட மெய். பொய் இருந்தது குவளையில் அன்று, அட்டையில்!

வெள்ளி நைட்ரேட்டு நீரில் கரையும் உப்பு. காய்ச்சி வடித்த நீர் ஒரு லிட்டரில் அதனை 0.17 கிராம் இட்டால், ஆய்வாளர் வழக்கமாகக் கையாளும் கரைசல் கிடைக்கும். நிறமற்றது, பளிங்கு போன்றது. அதனுள் வெள்ளி உலோகமாக இல்லை. ஓர் எலக்ட்ரானை இழந்த அயனியாக அலைந்துகொண்டிருக்கிறது. இலையை நீரில் வேகவைத்து வடித்த சாற்றை அதிலே ஊற்றுகிறோம். சாற்றிலுள்ள பாலிபீனால் முதலிய பொருள்கள், தம்மிடமுள்ள எலக்ட்ரானைக் கொடுத்துவிடும் இயல்பின. இழந்ததைப் பெற்ற அயனி, வெள்ளி அணுவாகிறது. அணுவோடு அணு கூடித் துகளாகிறது. தடுப்பாரின்றிக் கூடிக்கொண்டே போனால் அடியிலே மண்டியாகிவிடும். அங்ஙனம் ஆகாதவாறு, சாற்றிலுள்ள புரதமும் பிற பொருள்களும் துகளின்மீது போர்வையாய்ப் படர்ந்து, ஒன்றோடொன்று ஒட்டாமல் காக்கின்றன. கொடுப்பதும் இலைச்சாறு, போர்த்துவதும் இலைச்சாறு. இரண்டு வேலைக்கும் ஒரே கூலியாள். அதுவே இம்முறையின் சிறப்பு.

துகள் எவ்வளவு சிறியது? ஒரு மீட்டரை நூறு கோடிக் கூறாக்கினால் ஒரு கூறு, ஒரு நானோமீட்டர். நம் தலைமயிரின் பருமன் ஏறத்தாழ 80,000 நானோமீட்டர். இத்துகள்களோ பத்து, இருபது, ஐம்பது என்ற அளவின. அத்துணைச் சிறுமையில் வெள்ளி, வெள்ளியாய் மின்னுவதில்லை. அதன் எலக்ட்ரான்கள் ஒளியோடு சேர்ந்து ஊசலாடி, 400 முதல் 450 நானோமீட்டர் அலைநீளமுள்ள ஊதா, நீல ஒளியை விழுங்கிவிடுகின்றன. விழுங்காமல் விட்ட ஒளி மஞ்சளாகவும் பழுப்பாகவும் நம் கண்ணுக்கு வருகிறது. அந்தப் பழுப்பைத்தான் அன்னையின் அருள் என்று அட்டையில் எழுதினர்.

அருளா? அப்படியாயின் அன்னையின் அருள் துளசிக்கு மட்டுமன்றோ இருத்தல் வேண்டும்? அமெரிக்காவில், எல் பாசோ நகரத்துப் பல்கலைக்கழகத்தார் 2002-இல் தங்கத்தைத் துகளாக்கியது எதனுள்ளே? மாட்டுக்கும் குதிரைக்கும் போடும் குதிரைமசாலின் உயிருள்ள செடியினுள்ளே. புனே நகரத்துத் தேசிய வேதியியல் ஆய்வகத்தில் முரளி சாஸ்திரியின் குழுவினர் 2003-இல் வெள்ளிக்கு எடுத்துக்கொண்டது ஜெரேனியம் இலையை, 2004-இல் வேப்பிலையை, அதே ஆண்டில், எலுமிச்சைப் புல்லின் சாற்றால் முக்கோணத் தகடுகளாகவே தங்கத் துகள்களை விளைவித்தனர். 2008-இல் அமெரிக்க ஆய்வாளர் இருவர், காப்பியும் தேநீரும் அவ்வேலையை அறை வெப்பத்திலேயே செய்வதாகக் காட்டினர். வாழைப்பழத் தோல் செய்கிறது. வயலைப் பாழாக்கி, தொட்டவர் தோலை அரிக்கவைக்கும் பார்த்தீனியமும் செய்கிறது!

எண்ணிப் பாருங்கள். மாடத்தில் வைத்து வலம்வரும் துளசியும், மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்தும் பார்த்தீனியமும், வெள்ளி அயனியின் முன்னே ஒன்று! நீ எந்தக் குலம், எந்தக் கோத்திரம், எந்தத் தெய்வத்திற்கு உகந்தாய் என்று அந்த அயனி கேட்பதில்லை. உன்னிடம் கொடுப்பதற்கு எலக்ட்ரான் உண்டா என்பதொன்றே அதன் கேள்வி. உண்டு என்றால் வா. இல்லை என்றால் போ. கோயில் வாயிலிலும் குளத்தங்கரையிலும் நம் பாட்டன் காணாத சமத்துவம், ஒரு கண்ணாடிக் குவளைக்குள்ளே குடியிருக்கிறது. அந்தக் குவளைக்கா குங்குமம் வைக்கிறீர்கள்?

“வெள்ளைக்காரன் நேற்றுக் கற்றான்” என்றாரே, அந்த நேற்றைக்கும் ஒரு வரலாறு உண்டு. என் பாடம் அது. 1791-இல் ஒரு கொல்லனுக்குப் பிறந்தார் மைக்கேல் ஃபாரடே. பெரிய பள்ளிப் படிப்பில்லை. பதினான்கு வயதில் புத்தகம் கட்டும் கடையில் வேலை பயிலச் சேர்ந்தார். கட்ட வந்த நூல்களைப் படித்தே கற்றார். அந்தக் கொல்லன் மகன்தான், தங்க உப்பின் கரைசலைப் பாஸ்பரசால் ஒடுக்கி, மாணிக்கம்போல் சிவந்த நீரை உண்டாக்கி, 1857-இல் இலண்டன் அரசவைக் கழகத்தில் உரை நிகழ்த்தினார். சிவப்பு நிறத்தைக் கண்டு அவர் கைகூப்பவில்லை. கண்ணுக்குத் தெரியாத தங்கத் துகள்களே அந்நிறத்திற்குக் காரணம் எனக் கருதினார், ஒளிக்கதிரைச் செலுத்தினார், கதிர் சென்ற வழி நீருக்குள் துலங்கக் கண்டார், உப்பைச் சேர்த்துச் சிவப்பு நீலமாவதைக் குறித்தார். அவர் செய்த குப்பிகளிற் சில இன்றும் இலண்டனில் காக்கப்பெறுகின்றன. ஃபாரடே நாத்திகர் அல்லர் என்பதையும் சொல்லிவிடுகிறேன். சான்டிமேனியர் என்னும் சிறு கிறித்தவப் பிரிவில் உறுதியாக நின்றவர். ஆயினும், தம் குப்பியின்மேல் சிலுவை வரைந்து விலை கூறவில்லை அம்மனிதர்.

இங்கே, கொல்லன் மகனை எந்தக் குருகுலம் சேர்த்துக்கொண்டது? தட்டானும் கொல்லனும் குயவனும் கைபடச் செய்து கண்டறிந்ததையெல்லாம், தொட்டறியாதவர் தம் ஏட்டிலே தேடி எடுத்து, “எங்கள் இருடிகள் கண்டது” என்று முத்திரை குத்துகின்றனரே, இந்தத் துணிவை என்னென்பது!

“தங்க பற்பத்தில் நானோ துகள் இருக்கிறதென்று அறிவியலே ஒப்புக்கொண்டதே” என்பர். ஆம், இருக்கிறது. சுவர்ண பஸ்பத்தை ஆராய்ந்து 2007-இல் வெளியான கட்டுரையொன்று, அதன் தங்கத் துகள் 56, 57 நானோமீட்டர் அளவின என்று தெரிவித்தது. அதனாலென்ன? சிறியது என்பதும் மருந்து என்பதும் ஒன்றா? நம் தாய்மாரின் கண்ணைக் கரித்து நெஞ்சை அடைக்கும் விறகடுப்புப் புகையிலும் நானோ அளவுக் கரித்துகள் உண்டு. அதனை எந்தச் சித்தர் கண்டார்? எந்த நோய் அதனால் தீர்ந்தது? புடமிட்டவர் பொடியைக் கண்டார், துகளின் அளவைக் காணவில்லை, காண்பதற்குக் கருவியுமில்லை. அது அவர்தம் குற்றமன்று. கண்டார் என்று இன்று கூறுவதே குற்றம். அமெரிக்காவின் பாஸ்டன் நகரக் கடைகளில் விற்ற ஆயுர்வேதப் பண்டங்கள் 70-ஐச் சோதித்து 2004-இல் மருத்துவர் வெளியிட்ட முடிவில், 14 பண்டங்களில் ஈயமோ பாதரசமோ ஆர்செனிக்கோ இருந்தது. ‘நானோ’ என்ற சொல்லைத் தூவினால் பாதரசம் பாயசமாகிவிடாது.

தோழர்களே, இதுவரை கைதட்டினீர்கள். இனிச் சொல்லப்போவது நம் வீட்டுக் கதை. கொஞ்சம் கசக்கும்.

கீழடியில் கிடைத்த பானையோடுகளின் கறுப்புப் பூச்சில் கார்பன் நானோ குழாய்கள் இருப்பதாக 2020-இல் ஆய்வுக் கட்டுரை வந்தது. நல்ல ஆய்வு, பெருமைக்குரிய செய்தி. ஆனால் நம்மவர் என்ன செய்தனர்? “தமிழன் கண்ட நானோ தொழில்நுட்பம்!” என்று மேடையில் முழங்கினோம், சுவரொட்டியில் எழுதினோம். நானும் முழங்கினேன், மறைப்பானேன்? சூளையின் வெப்பத்தில் தற்செயலாக விளைந்ததை, குயவர் அறிந்து செய்ததாகக் கூறுவதற்கு என்ன சான்று? ஏறத்தாழ 1,700 ஆண்டுகட்கு முன் உரோமர் செய்த லைக்கர்கஸ் கிண்ணம் பிரித்தானிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது; வெளியிலிருந்து ஒளிபட்டால் பச்சை, உள்ளிருந்து ஒளிபட்டால் சிவப்பு. கண்ணாடிக்குள் தங்கமும் வெள்ளியும் நுண்துகளாய்க் கலந்திருப்பதே காரணம். செய்தவர் நிறத்தை அறிந்தார், துகளை அறியார். உரோமக் கைவினைஞர்க்கு உரைக்கும் இந்த நீதியைக் கீழடிக் குயவர்க்கு உரைக்க நாம் ஏன் தயங்க வேண்டும்? இரண்டாயிரத்து ஐந்நூறு ஆண்டு கடந்தும் உதிராத பூச்சை உண்டாக்கிய கை, புகழுக்குப் போதாதா? எதிரி துளசிக்குச் சூட்டினால் புரட்டு, நாம் பானைக்குச் சூட்டினால் பெருமிதம் என்றால், நம் கையிலிருப்பது பகுத்தறிவுத் தராசு அன்று. அதுவும் ஒரு மளிகைக்கடைத் தராசுதான்.

கல்லூரிகளுக்கு வருவோம். அங்கே துளசிக்குக் குங்குமமில்லை. ஆனால் சடங்கு உண்டு. ஓர் இலையை எடு. வேகவை. வடிகட்டு. வெள்ளி நைட்ரேட்டோடு கல. பழுப்பானதும் படம் எடு. பாக்டீரியாத் தட்டில் ஊற்று. நுண்ணுயிர் மடிந்ததும், “புற்றுநோய்க்கும் பயன்படக்கூடும்” என்று கடைசிப் பத்தியில் எழுது. முடிந்தது ஆய்வு! வேம்பு ஆயிற்று, கீழாநெல்லி ஆயிற்று, ஆவாரை ஆயிற்று. அடுத்து வருவோர் தேடுவது புதிய உண்மையையன்று. எவரும் எழுதாத புதிய இலையை. பட்டம் வேண்டிப் பெற்றோரின் நகையை அடகு வைத்துப் படிக்கும் ஏழை வீட்டுப் பிள்ளைகளை, ஐந்தாண்டுக் காலம் இலை பறிக்க அனுப்புகின்றனரே, இது முறையா?

தட்டிலே நுண்ணுயிர் மடிவது வியப்பன்று. வெள்ளி அயனிக்கு அந்த நஞ்சுத்தன்மை உண்டென்பது பழைய செய்தி. அதனாற்றான் வெள்ளி சல்ஃபாடையசின் களிம்பைத் தீப்புண்ணுக்குப் பூசிவருகின்றனர். ஆகவே கேட்கவேண்டிய கேள்வி: அதே அளவு வெள்ளி நைட்ரேட்டை மட்டும் ஊற்றியிருந்தால் எத்தனை மடிந்திருக்கும்? இலைச்சாற்றை மட்டும் ஊற்றியிருந்தால்? அந்த ஒப்பீடு இல்லாத கட்டுரை, இலையில்லாத குவளை இல்லாத கண்காட்சிக்கு உடன்பிறப்பு. தட்டிலுள்ள புற்றணுவை, கழிவறை கழுவும் பிளீச்சிங் நீரும் கொல்லும். அதனைக் குடிப்பார் உண்டோ? கூரையேறிக் கோழி பிடிக்கும் முன்னரே வானமேறி வைகுண்டம் காட்டுகின்றனர்!

‘பசுமை முறை’ என்ற பெயரையும் சற்றே உரசிப் பார்க்கவேண்டும். ஹைட்ரசீன், சோடியம் போரோஹைட்ரைடு போன்ற கொடிய வேதிப்பொருள்களை விலக்கி, நீரையும் இலையையும் கொண்டு, பெரும் வெப்பமின்றிச் செய்வது நன்மையே, மறுப்பார் இல்லை. ஆனால் பசுமை அந்த ஒரு படியில்தான். வெள்ளியைச் சுரங்கத்தில் தோண்டி, நைட்ரிக் அமிலத்தில் கரைத்த பிறகே நைட்ரேட்டு வருகிறது. விளைந்த துகளைச் சாக்கடையில் கொட்டினால், பாக்டீரியாவைக் கொல்வது மீனை மட்டும் கொஞ்சுமா? இலையும் ஒரே தன்மையதன்று: மழைக்காலத்து வேம்பு வேறு, கோடைக்காலத்து வேம்பு வேறு, மண் மாறினால் சாறு மாறும், சாறு மாறினால் துகளின் அளவும் வடிவும் மாறும். எந்தப் பொருள் எலக்ட்ரானைக் கொடுத்தது, எது போர்த்தியது, நாளை செய்தால் இதே அளவு வருமா — இவற்றை விடாது துருவுவோரும் நம்மிடையே உண்டு. சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் பிரதீப்பின் குழுவினர், வெள்ளி நுண்துகளால் பூச்சிமருந்து கலந்த குடிநீரைத் தூய்மைப்படுத்தும் முறையைக் கண்டு, அது 2007-இல் வீட்டு வடிகட்டியாகச் சந்தைக்கே வந்தது. அவ்வடிகட்டிக்கு ஆரத்தி எடுக்கவேண்டிய தேவை எழவில்லை.

இத்தனைக்கும் ஏன் இவ்வளவு சினம், ஓர் அட்டைக்கு? என்று கேட்கலாம். சொல்கிறேன்.

அந்த மாணவனின் பாட்டிக்கு நீரிழிவு. காலிலே புண். எங்கள் ஊரில் ஒருவர் “மூலிகை நானோ வெள்ளி நீர்” என்று குப்பியில் அடைத்து விற்கிறார். சர்க்கரை முதல் புற்று வரை தீரும் என்று சீட்டு ஒட்டியிருக்கிறார். நீரிழிவும் புற்றும் தீருமென விளம்பரம் செய்வதை 1954-ஆம் ஆண்டுச் சட்டமே தடுக்கிறது. சட்டம் ஏட்டில் இருக்கிறது, குப்பி கடையில் இருக்கிறது. மாத்திரையை நிறுத்திவிட்டுப் பாட்டி அந்நீரைக் குடித்தார், நான்கு திங்கள். வலக்காலில் இரண்டு விரல்களை எடுத்தனர் அரசு மருத்துவமனையில். “நம் பேரன் பள்ளிக்கூடத்திலேயே காட்டினானே, படித்த பெரியவர் மேடையில் சொன்னாரே, தப்பாக இருக்குமா?” என்று அவர் என்னிடம் கேட்டபோது, நான் என்ன விடை கூறுவேன்?

அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 1999-இலேயே அறிவித்தது, வெள்ளிக் கூழ்மம் கலந்த கடைமருந்து எதுவும் நோய்க்குப் பயனுடையதென்றோ தீங்கற்றதென்றோ ஏற்கப்படவில்லை என்று. தொடர்ந்து குடிப்பவரின் உடம்பில் வெள்ளி தங்கித் தோல் நீலம் பாரிக்கும். ஆர்ஜிரியா என்பர் அதனை. ஒருமுறை படிந்தால் எளிதில் மாறாது. நீலமேனி வண்ணனைப் பாடுவோர் நாட்டில், அதற்கும் ஒரு தலபுராணம் எழுதிவிடுவார்களோ என்னவோ!

பாட்டியைப் பார்த்து வந்த மறுவாரம், அறிவியல் ஆசிரியரை வேண்டிக்கொண்டு, அந்த மாணவனோடு நானும் ஆய்வுக்கூடத்தில் உட்கார்ந்தேன். முதல் நாள் தோல்வி. கிணற்று நீரைப் பயன்படுத்தினோம். வெள்ளி நைட்ரேட்டு பட்டவுடன் குவளையெங்கும் பால்போல் வெண்மை. “ஐயா, திருநீறு!” என்றான் பையன், கண்ணைச் சிமிட்டி. நீரிலிருந்த உப்பு, வெள்ளிக் குளோரைடாகப் படிந்திருந்தது. மறுநாள், பேட்டரிக் கடையில் காய்ச்சி வடித்த நீர் வாங்கி வந்தோம். ஐந்து குவளைகள். ஒன்றில் துளசி, ஒன்றில் பார்த்தீனியம், ஒன்றில் தேயிலை. நான்காவதில் வெள்ளிக் கரைசல் மட்டும். ஐந்தாவதில் துளசிச் சாறு மட்டும், சாறு தானே பழுப்பாகிறதா என்று பார்க்க. வெளிச்சமும் வெள்ளி உப்பைக் கருக்கும் என்பதால் ஐந்தையும் கறுப்புத் தாளில் சுற்றினோம். பையன் கையுறை போடாமல் ஒரு சொட்டுச் சிந்திவிட, விரல் நுனி கறுத்துப்போயிற்று. ஒரு வாரம் வரை போகவில்லை.

தேயிலை முந்திக்கொண்டது. துளசியும் பார்த்தீனியமும் மெல்லப் பழுத்தன. மறுநாட் காலையில் எது எதுவென்று சீட்டைப் பார்த்தே சொல்ல முடிந்தது. நான்காவது பளிங்காகவே நின்றது. ஐந்தாவது, ஊற்றியபோதிருந்த வெளிறிய நிறத்திலேயே இருந்தது.

பழைய அட்டையைப் பையனே கிழித்தான். புதிய அட்டையில் ஐந்து பெயர்களையும், நேரத்தையும், நிறத்தையும் எழுதினான். ஓரத்தில், “குடிக்கக் கூடாது” என்று சிவப்பு மையில், பாட்டிக்காக. ஆண்டுவிழாவில் மறுபடியும் வைக்கப்போகிறோம் என்று தலைமையாசிரியரை அழைத்துக் காட்டினோம். நல்ல மனிதர், முழுவதும் படித்தார். பிறகு, தாழ்ந்த குரலில் கேட்டார்:

“எல்லாம் சரி சார். துளசிக்குப் பக்கத்தில் இருக்கிற அந்தப் பார்த்தீனியத்தை மட்டும் எடுத்துவிடலாமே?”

எடுக்கவில்லை.